மில் சுவரில் ஒட்டிய மாத வரிசை

களுவாஞ்சிகுடிப் பக்கம் அப்பாவின் அரிசி மில்லைப் பொறுப்பெடுத்து நடத்தும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கொழும்பில் முகாமைத்துவம் படித்தவர். மில்லில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். வந்த கையோடு நான்கு விடயங்களைப் புதிதாகக் கொண்டுவந்தாராம். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் விரல் வைக்கிற மெசின் ஒன்று. ஒவ்வொருவருக்கும் மாதாந்தம் புள்ளி போட்டு, ஒன்றிலிருந்து நாற்பது வரை வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவது இன்னொன்று. முதலாவதாக வருபவருக்கு 5,000 ரூபாய். பிறகு ஓர் ஆலோசனைப் பெட்டி. கடைசியாக, காலையில் பதினைந்து நிமிடக் கூட்டம். அதில் நேற்று நடந்த பிழைகளை எல்லாரும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான்கு மாதம் ஆகிவிட்டது. நெல் அவிப்பதில் கைதேர்ந்த இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பெட்டி வெறுமையாகக் கிடக்கிறது. கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. விரல் மெசின் மட்டும் சிக்கலில்லாமல் ஓடுகிறது. "எங்கள் ஊர்க் கலாசாரத்துக்கு நவீன முகாமைத்துவம் சரிவராதா? நான் ஆட்களை மாற்ற வேண்டுமா, முறையை மாற்ற வேண்டுமா?" இதுதான் அவருடைய கேள்வி. போன இருவரையும் திரும்பக் கூப்பிடலாமா என்றும் கேட்கிறார்.

தம்பி, அந்த விரல் மெசினிலிருந்தே தொடங்குவோம். எங்கள் ஊர் புதிய முறைகளுக்கு ஒத்துவராது என்பது உண்மையானால் முதலில் தோற்றிருக்க வேண்டியது அதுதான். ஆனால் அதை யாரும் எதிர்க்கவில்லை. காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. முன்பு வரவுப் புத்தகம் கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. வேண்டியவர்களுக்கு அரைநாளை முழுநாளாகப் போடுகிறார் என்று ஒரு முணுமுணுப்பு நெடுநாளாக இருந்தது. மெசின் வந்ததும் அது நின்றுவிட்டது. முதலாளி எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உங்கள் ஆட்களிடம் ஏற்கெனவே இருந்தது. மெசின் அந்த எண்ணத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

எந்த முகாமைத்துவ முறையை எடுத்தாலும் அதற்குள் மனிதரைப் பற்றிய ஒரு நம்பிக்கை இருக்கும். வெளியே தெரியாது. முறையை வாங்கும்போது அந்த நம்பிக்கையையும் சேர்த்தே வாங்குகிறோம். அது உங்கள் மில்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கையோடு ஒத்துப்போனால் முறை தானாக ஓடும். முட்டிக்கொண்டால் முறைதான் தோற்கும், அல்லது நல்ல ஆட்கள் போய்விடுவார்கள். உங்களிடம் இரண்டும் நடந்திருக்கிறது.

மாத வரிசையைப் பாருங்கள். அது மூன்று விடயங்களை நம்புகிறது. ஒருவருடைய வேலையை மற்றவருடைய வேலையிலிருந்து பிரித்து அளக்கலாம். பக்கத்தில் நிற்பவரோடு போட்டி போட்டால் வேலை திறமாகும். கடைசியாக வந்தவருடைய பெயரைச் சுவரில் ஒட்டினால் அவர் வெட்கப்பட்டுத் திருந்துவார். இந்த மூன்றில் எது உங்கள் மில்லில் உண்மை?

முதலாவதை மட்டும் எடுப்போம், ஏனென்றால் இது கலாசாரம் பற்றிய பேச்சுக்கு முன்பே விழுந்துவிடுகிறது. நெல்லை ஊறவைப்பவர் ஒருவர், நீராவியில் அவிப்பவர் ஒருவர், களத்தில் பரப்பிப் புரட்டுபவர்கள் வேறு, குற்றுகிற மெசினில் நிற்பவர் வேறு. குறுணல், அதாவது உடைந்த அரிசி, கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய பிழை? அவித்த நெல்லைச் சுள்ளென்ற வெயிலில் ஒரேயடியாகக் காயப்போட்டால் மணிக்குள் வெடிப்பு விழும். இடையில் குவித்து, ஈரம் உள்ளே சமப்பட விட்டு, பிறகு மறுபடி பரப்ப வேண்டும். அந்த நேரத்தைக் களத்தில் கொடுக்காவிட்டால் மெசினில் நிற்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் குறுணல்தான் வரும். களத்தில் ஏன் அவசரப்பட்டார்கள்? மழை கறுத்திருக்கும், அல்லது லொறி வந்து நிற்கிறது என்று நீங்களே சத்தம் போட்டிருப்பீர்கள். நெல் வந்து இறங்கும்போதே ஈரம் எவ்வளவு என்பதும் சேர்ந்துகொள்ளும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதம் கேட்கிறது. மாரிப்போக அறுவடை மழைக்குள் அகப்பட்ட வருடங்களில் உங்கள் வாசலுக்கு வரும் நெல் அதற்குக் கிட்டவும் இராது. ஆக, மெசின்காரருக்கு நீங்கள் போட்ட புள்ளியில் பாதி வானத்துக்கும் களத்துக்கும் உரியது. அவருக்கு அது தெரியும். களத்தில் நின்றவர்களுக்கும் தெரியும். சுவரில் ஒட்டிய தாள் உண்மையில்லை என்று நாற்பது பேருக்கும் தெரிந்த மில்லில் அந்தத் தாளை யார் மதிப்பார்கள்?

இனி கலாசாரத்துக்கு வருவோம். இந்தத் துறையில் எட்கார் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985இல் வைத்த ஒரு பிரிப்பு இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. ஒரு நிறுவனத்தின் கலாசாரத்தை அவர் மூன்று அடுக்காகப் பார்த்தார். மேலே கண்ணால் காண்பவை: கட்டடம், உடுப்பு, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. அதற்குக் கீழே நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவை. அடியில், யாரும் சொல்லாமலே எல்லாரும் சரியென்று எடுத்துக்கொண்டவை. உண்மையில் நிறுவனத்தை நடத்துவது இந்த அடி அடுக்குத்தான். உங்கள் மில் வாசலில் "தரமே எங்கள் தாரகமந்திரம்" என்று எழுதியிருக்கலாம். அப்பா "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று சொல்லலாம். அடியில் என்ன இருக்கிறது என்பதை இவற்றிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கேட்டாலும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கே தெரியாது. மீனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்ட மாதிரி.

கெட்ட நாட்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம். நான் ஒரு நிறுவனத்துக்குள் போனால் சுற்றிவளைத்து இப்படித்தான் விசாரிப்பேன். இரவு பொயிலர் நின்றுபோனால் முதல் அழைப்பு யாருக்குப் போகிறது? பதவியில் பெரியவருக்கா, வேலை தெரிந்தவருக்கா, முதலாளிக்கா? கடைசியாக முற்பணம் வாங்கியவர் யார், யாரைப் பிடித்து வாங்கினார்? கெட்ட செய்தி கொண்டுவந்த கடைசி ஆளுக்கு என்ன நடந்தது? வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நேரம் யார் யாருக்கு லீவு மறுக்கப்படவில்லை, செத்த வீட்டுக்கு எத்தனை நாள், அந்த நாட்களில் அவர்களுடைய வேலையை யார் கேட்காமலே செய்தார்கள்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர்களின் இடத்தில் யார் நிற்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்களை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். பத்துப் பதினைந்து சம்பவம் சேர்ந்ததும் மில் உண்மையில் எதை நம்புகிறது என்று தெரிந்துவிடும்.

கலாசாரங்களை நான்கு வகையாகப் பிரித்து, கேள்விக்கொத்துக் கொடுத்து, உங்கள் கம்பனி இந்த வகை என்று சொல்லும் அட்டவணைகளும் உண்டு. பேச்சைத் தொடங்க அவை உதவும். அதற்கு மேல் அவற்றில் எடை வைக்க மாட்டேன்.

"எங்கள் ஊர்க் கலாசாரம்" என்ற சொல்லையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாடுகளின் கலாசாரத்தை எண்களால் அளந்த கீர்ட் ஹொஃப்ஸ்டீட் 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்புகளை வைத்துத்தான் அந்த வேலையைச் செய்தார். நாட்டின் சராசரி என்ன என்று அது சொல்லும். உங்கள் மில்லில் நிற்கும் நாற்பது பேரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெரியவருக்குக் கீழ்ப்படிகிற நாடு என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மில் நடத்த முடியாது.

கல்லாறு தாண்டி மருதமுனைக்குப் போய்ப் பாருங்கள். கைத்தறிக்குப் பேர்போன ஊர். தறியில் துண்டுக் கணக்குக்குத்தான் கூலி. இன்னார் இத்தனை சாரம் நெய்தார், இன்னார் இத்தனை என்று சத்தமாகவே பேசிக்கொள்வார்கள், யாருக்கும் முகம் வாடாது. ஒவ்வொரு தறியும் தனித்தனி. நெய்தவருடைய கை அந்தத் துணியிலேயே தெரியும். துண்டுக்கு இவ்வளவு என்பது அப்பா, வாப்பா காலத்திலிருந்து எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. தனிநபர் எண்ணிக்கை அங்கே இயல்பான விடயம். நான் சில வருடம் வேலை செய்த ஆடைத் தொழிற்சாலையில் நிலைமை வேறு. அங்கே மணிக்கு இத்தனை உருப்படி என்று ஒவ்வொரு வரிசைக்கும் பலகை இருந்தது. கிரான், வாகரைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அந்தப் பலகையை ஏற்றுக்கொண்டார்கள், எண்ணிக்கை எட்டினால் கைதட்டினார்கள். ஒரு நாள் மேலிடம் அதே பலகையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வேகத்தையும் எழுதச் சொன்னது. இரண்டு கிழமைக்குள் வரிசையில் பேச்சு நின்றது. அதற்கு முன்பு வேகமான பிள்ளை தன் வேலை முடிந்ததும் பக்கத்தவளுக்குக் கைகொடுப்பாள். பெயர் ஏறிய பிறகு அதைச் செய்ய அவளுக்கு என்ன இருக்கிறது? தறிக்கூடத்தில் சரியாக இருந்த அதே எண், தையல் வரிசையில் ஒருவருக்கொருவர் செய்த உதவியை நிறுத்திவிட்டது. ஊர் ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். வேலையின் அமைப்பும் அதைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கையும்தான் வேறு. உங்கள் மில் தறிக்கூடத்தைவிடத் தையல் வரிசைக்குத்தான் கிட்ட.

பெரிய நிறுவனங்களும் இதில் விழுந்து எழுந்தவைதான். ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பனியில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் ஊழியர்களை மேல் 20 வீதம், நடு 70, கீழ் 10 என்று பிரித்துக் கடைசிப் பத்து வீதத்தை வெளியேற்றினார்கள். அது புகழ் பெற்றதும் பலர் எடுத்துக்கொண்டார்கள். மைக்ரோசொஃப்டும் இதுபோன்ற வரிசைப்படுத்தலை நெடுநாள் வைத்திருந்து 2013இல் கைவிட்டது. கூடி வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஆட்கள் தங்கள் இடத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்பது அங்கிருந்து வந்த குறை. எங்கள் நாட்டில் இந்த முறைக்கு இன்னொரு தடையும் உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். "கடைசியாக வந்தாய், போ" என்று சொல்ல முடியாத இடத்தில், அப்படிச் சொல்லக்கூடிய இடத்துக்காகச் செய்த முறையைக் கொண்டுவந்து வைத்தால் மிஞ்சுவது அவமானம் மட்டும்தான்.

லிங்கன் எலெக்ட்ரிக் என்ற வெல்டிங் மெசின் கம்பனியின் கதை இதைவிடப் பாடமானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1895இல் தொடங்கியது. துண்டுக் கூலி, வருட முடிவில் பெரிய போனஸ் என்பவற்றுக்குப் பேர்பெற்றது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் கூலிமுறையைத்தான் பார்த்தார்கள். அதற்கு அடியில் இரண்டு வாக்குறுதி இருந்தது. ஒருவர் அதிகம் உழைக்கிறார் என்பதற்காகத் துண்டுக் கூலியைக் குறைக்க மாட்டோம். வேலை குறைந்தாலும் ஆட்களை நிறுத்த மாட்டோம். பல பத்தாண்டுகளாக அந்த வாக்கைக் காப்பாற்றியதால்தான் தொழிலாளர்கள் கூலிக் கணக்கை நம்பினார்கள். பிறகு ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஆலைகளை வாங்கிய கம்பனி, தன் முறையை அங்கே வேரூன்றச் செய்ய முடியாமல் திணறியது. 1992இல் தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக நட்டம் கண்டது. தாளில் எழுதக்கூடிய முறை கப்பலேறிப் போகும். அதைத் தாங்கிய நம்பிக்கை கூடவே போவதில்லை.

எங்கள் மண்ணிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். பட்டிப்பளை ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லோயா. 1949இல் அபிவிருத்திச் சபை அமைத்து, இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து அம்பாறை வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். முப்பது வருடத்துக்குள் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத நிலை. விவசாயிகள் ஒத்துழைக்க மாட்டார்கள், சோம்பேறிகள், ஒருவர் தண்ணீரை ஒருவர் திருடுகிறவர்கள் என்பது அதிகாரிகள் பலருடைய முடிவு. கூட்டம் கூட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று சங்கம் அமைப்பதுதான் அதுவரை எங்கும் செய்யும் வழி. சங்கம் பதிவாகும், பிறகு தூங்கும்.

1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேறு மாதிரித் தொடங்கின. பட்டம் பெற்ற இளைஞர்களை விவசாயிகளுக்கு நடுவில் குடியிருக்க அனுப்பினார்கள். அவர்கள் யாப்பு எழுதவில்லை, தேர்தல் வைக்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது பேரிடம், வீடு வீடாகப் போய், உங்களுக்குப் பெரிய கரைச்சல் எது என்று கேட்டார்கள். பதில் வாய்க்கால் தூர்ந்தது என்றால், வாருங்கள் வெட்டுவோம் என்றார்கள். முதலில் வேலை, சங்கம் பிறகு. ஒன்றாக மண்வெட்டி பிடித்தவர்கள் தங்களுக்கு ஒரு பிரதிநிதியை, வாக்குப் போடாமல், எல்லாரும் ஒத்துக்கொண்டு தெரிந்தார்கள். வாக்குப் போட்டால் தோற்ற பக்கம் ஒன்று உருவாகும். அரசியல் கட்சி உள்ளே வரும். ஒத்துக்கொண்டு தெரிந்தவருக்கு எதிரி இல்லை. தண்ணீர் மிகக் குறைவாக இருந்த காலத்திலும் தலைமடையில் இருந்த சிங்கள விவசாயிகள் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்காகத் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்கள். அது எண்பதுகளின் தொடக்கம், நாடு எரியத் தொடங்கிய காலம் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

அந்த விவசாயிகள் ஒரே நாளில் நல்லவர்களாக மாறிவிடவில்லை. பக்கத்து வயல்காரனோடு சேர்ந்து வரம்பு கட்டும் பழக்கம், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மீறக்கூடாது என்ற எண்ணம், இவை அவர்களிடம் முன்பே இருந்தன. அதுவரை வந்த முறைகள் அவற்றைத் தொடவில்லை. நீங்களும் உங்கள் ஆட்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன் இதை யோசிக்க வேண்டும்.

சரி, இனி உங்கள் பெட்டியும் கூட்டமும். பெட்டிக்குள் பெயரில்லாமல் தாள் போடுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. அதற்கு எங்கள் ஊரில் பெயர் பெட்டிசம். ஒருவரை மாட்டிவிட, இடமாற்ற, பழிவாங்கப் போடுவது. மில் வாசலில் பூட்டோடு ஒரு பெட்டியைக் கண்டதும் உங்கள் ஆட்களுக்கு நினைவு வந்தது அதுதான். அதற்குள் தாள் போடுகிறவரை மற்றவர்கள் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பெட்டியை வெறுமையாக விட்டது ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதை. பெட்டியைக் கழற்றுங்கள். பத்து மணித் தேத்தண்ணி நேரம் அடுப்படிக்குப் போய் உட்காருங்கள். "ஏதாவது யோசனை இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒன்றும் இல்லை முதலாளி என்றுதான் வரும். "ஒரு அவிச்சலுக்கு உமி எத்தனை கூடை போகிறது, முன்பைவிடக் கூடவா?" என்று கேளுங்கள். வேலையைப் பற்றிய குறிப்பான கேள்விக்கு வேலை தெரிந்தவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். சொன்னதை அந்தக் கிழமைக்குள் செய்து காட்டுங்கள், சொன்னவர் பெயரோடு.

காலைக் கூட்டம் கொஞ்சம் சிக்கலானது. மட்டக்களப்பில் கல்யாணம் கட்டியவர் பெரும்பாலும் மனைவியின் ஊரோடு போய் இருப்பவர். ஆகவே உங்கள் மில்லில் பக்கத்தில் நின்று மூட்டை பிடிப்பவர் பலருக்கு மனைவியின் தம்பி, மாமா, சகலன். "நேற்று மாமா களத்தில் பிழை விட்டார்" என்று ஒரு இளம் ஆள் நாற்பது பேருக்கு நடுவில் சொன்னால் அது மில் வாசலோடு நிற்காது. மாலையில் வீட்டுத் திண்ணைக்குப் போகும், மனைவி முகம் சுளிப்பாள், அடுத்த சடங்குக்கு அழைப்பு வராது. பதினைந்து நிமிடக் கூட்டத்துக்காக அவர் அந்த விலையைக் கொடுக்க மாட்டார். கொடுக்கவும் கூடாது.

ஆனால் பிழையைப் பற்றிப் பேசாமலும் மில் நடத்த முடியாது. ஆகவே பேச்சை ஆளிலிருந்து நெல்லுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு அவிச்சலுக்கும் ஒரு அட்டை: எந்த ஊர் நெல், வந்தபோது ஈரம் எவ்வளவு, எத்தனை மணி ஊறியது, களத்தில் எவ்வளவு நேரம், நூறு கிலோவுக்கு முழு அரிசி எவ்வளவு, குறுணல் எவ்வளவு. காலையில் அந்த அட்டையை நடுவில் வைத்துப் பேசினால், "இந்த அவிச்சல் களத்தில் அவசரப்பட்டிருக்கிறது" என்று யாரும் சொல்லலாம். எல்லாரையும் கூட்டவும் தேவையில்லை. கோயிலில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழி வம்சத்துக்கும், ஒரு வண்ணக்கர் என்ற பொறுப்பாளர் இருந்து பேசுவதுபோல, அவிச்சலுக்கு ஒருவர், களத்துக்கு ஒருவர், மெசினுக்கு ஒருவர், மூட்டைக்கும் லொறிக்கும் ஒருவர் என்று நான்கு பேர் போதும். அவர்களை அந்தந்தப் பகுதி ஆட்களே பேசித் தெரியட்டும். ஓர் எச்சரிக்கை: பகுதிக்கு ஒருவர் என்ற அமைப்பை மட்டும் எடுங்கள். எந்தக் குடி பெரிது என்ற கணக்கு மில் வாசலுக்குள் வரவே கூடாது. களத்தில் பெண்கள் வேலை செய்கிறார்களானால் களத்துக்காக வந்து உட்காருபவர் ஒரு பெண்ணாக இருக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். அந்த 5,000 ரூபாயையும் ஒருவருக்குக் கொடுக்காமல், முழு அரிசி கூடிய மாதத்தில் எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். எப்படிப் பிரிப்பது என்பதை அந்த நான்கு பேர் சொல்லட்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பிழை. இருக்கிற கலாசாரத்துக்கு ஏற்ற மாதிரி நடத்துங்கள் என்றால் இருக்கிறதெல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக எடுக்காதீர்கள். நான் பொறுப்பில் இருந்த ஓரிடத்தில், மூத்தவர் சொன்னால் மறுபேச்சில்லை என்ற வழக்கம் இருந்தது. சண்டை சச்சரவில்லாத இடம் என்று அதைப் பெருமையாகவே நினைத்தேன். ஒரு நாள் மெசின் பெல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மூத்தவர் ஓட்டச் சொன்னார். பக்கத்தில் நின்ற பையனுக்கு அது பிழை என்று தெரியும்; பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். அன்றைக்கு அவன் வாய் திறக்கவில்லை. இரண்டு விரல் போனது. பத்தொன்பது வயது. அந்த அமைதியை வளர்த்ததில் எனக்கும் பங்கிருக்கிறது. இன்றைக்கும் எங்கேயாவது "எங்கள் இடத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்" என்று முதலாளி ஒருவர் பெருமையாகச் சொன்னால் எனக்கு அந்தப் பையனின் கைதான் நினைவுக்கு வருகிறது.

அதனால் சில விடயங்களில் முறையைக் கலாசாரத்துக்கு வளைக்கக் கூடாது. உயிரும் உடம்பும் ஒன்று. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது இன்னொன்று. "நாங்கள் குடும்பம்தானே" என்ற பேச்சுக்குப் பின்னால் ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் விடுவது மற்றொன்று. சம்பளத்தில் அவர்களுடைய 8 வீதமும் உங்களுடைய 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்களுடைய 3 வீதமும் சட்டம். குடும்பம் என்று சொல்கிறவர் அதைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

அடி அடுக்கில் இருக்கும் நம்பிக்கையை மாற்ற முடியுமா? முடியும். ஜெனரல் மோட்டர்ஸ் கலிபோர்னியாவில் ஃப்ரீமொன்ட் என்ற இடத்தில் ஒரு கார் ஆலையை வைத்திருந்தது. வேலைக்கு வராமை, சண்டை, மோசமான தரம், 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து மறுபடி திறந்தபோது எடுத்த ஆட்களில் பெரும்பாலானவர்கள் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். கொஞ்சக் காலத்தில் அமெரிக்காவின் சிறந்த கார் ஆலைகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. வரிசையில் நிற்கும் எவரும் ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் முழு வரிசையையும் நிறுத்தலாம். ஜெனரல் மோட்டர்ஸ் பிறகு அதே கயிற்றைத் தன்னுடைய வேறு ஆலையில் கட்டிப் பார்த்தது, எடுபடவில்லை. முதல் ஆலையில் கயிற்றை இழுத்தவரிடம் மேற்பார்வையாளர் ஓடிவந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்; மற்ற ஆலையில் வரிசை நின்றால் ஏச்சு விழுந்தது. அதோடு விற்பனை குறைந்த காலத்திலும் ஃப்ரீமொன்ட்டில் ஆட்களை நிறுத்தாமல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தொழிலாளர்கள் நம்பியது அதைப் பார்த்த பிறகுதான்.

உங்கள் மில்லில் இதை இப்படிச் செய்யலாம். மெசினை நிறுத்தும் அதிகாரம் எல்லாருக்கும் உண்டு என்று அறிவித்தால் ஒன்றும் நடக்காது. ஆட்கள் மதிக்கும் மூத்தவர் ஒருவரிடம் போய், "ஆபத்து என்று கண்டால் நிறுத்துவது உங்கள் பொறுப்பு, இளையவர்களுக்கு அதைப் பழக்குவதும் உங்கள் பொறுப்பு" என்று கேளுங்கள். மூத்தவருக்கு அடங்கும் அதே வழக்கம் இப்போது பாதுகாப்பின் பக்கம் வேலை செய்யும். என்றைக்காவது ஒரு பையன், லொறி வாசலில் நிற்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெசினை நிறுத்துவான். ஒருவேளை தேவையில்லாமலும் நிறுத்தியிருப்பான். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை நாற்பது பேரும் பார்ப்பார்கள்.

வேலையை விட்டுப் போன இருவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், கூப்பிடலாமா என்று. கூப்பிட வேண்டும், ஃபோனில் வேண்டாம். வீட்டுக்குப் போங்கள், முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அவர்கள் அப்பாவோடு இருபது வருடம் நின்றவர்கள். சின்ன முதலாளி சுவரில் முப்பத்தேழாவதாகப் பெயர் ஒட்டியதை அவர்களுடைய பிள்ளைகளும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால், அந்தத் தாள் பிழை, கழற்றிவிட்டேன் என்று சொல்லுங்கள். திரும்பி வந்தால் அவிச்சல் அட்டையில் என்ன என்ன எழுத வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். மாரிப்போக நெல் வரத் தொடங்குமுன் அந்த அட்டை கையில் இருந்தால் போதும்.